முருகனுக்கு வந்த சோதனை

ஏம்ப்பா பேராண்டி, புலமைப்பரிசில் பரீட்சைன்னதும் ஒங்கம்மா கதிர்காமத்துக்கு நேர்த்தி வச்சிருச்சு. ஒங்கப்பன் மாரியம்மாளுக்கு நூத்தியெட்டுத் தேங்கான்னுட்டான். நீ புத்தகத்தைத் தொட்டு ஒரு கும்புடு போட்டு மூடி வச்சிட்ட. பாரம் பூரா முருகன் தலையில. பாவம், அஞ்சாம் வகுப்புக் கணக்கை அவரு எந்த டியூசன்ல படிப்பாரோ!

சாமி இல்லேங்கிற ஆளு நான் இல்லப்பா. ஆனா நம்ம கதிர்காமத்தான் யாருன்னு தெரிஞ்சுக்க. பிரணவத்துக்குப் பொருள் சொல்லத் தெரியாத பிரம்மாவையே சிறையில போட்டவரு. பெத்த அப்பனுக்கே பாடம் எடுத்தவரு. அந்தச் சிவனும் "எனக்கெதுக்குப் படிப்பு"ன்னு முறைக்கல. வாய் பொத்திக் கேட்டுக்கிட்டாரு. படிக்காதவனை உள்ள தள்ளுற வாத்தியாருகிட்டயே போயி, படிக்காம பாஸாக்குன்னு கேக்குற. ஒன் தைரியம் யாருக்கு வரும்!

நம்ம பாட்டன்மாரும் கும்புட்டவங்கதான். தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக்குப் போனா கவ்வாத்துச்சாமி, தேயிலை ஸ்டோர்ல ரோதை சுத்துனா ரோதமுனி. கும்புட்டுட்டு லயத்துல படுக்கல. கத்தி புடிக்கவும் ரோதை ஓட்டவும் கத்துக்கிட்டாங்க. மாசியில காமன் கூத்து ஆடுறோமே, கையெழுத்துப் போடத் தெரியாத கெழவனுங்க விடிய விடியப் பாட்டைத் தலைக்குள்ள வச்சிருந்தாங்க. பக்தியில கத்துக்கிட்டதுதான், ஆனா கத்துக்கிட்டாங்க! மனப்பாடம்னா சும்மாவா? லண்டன்ல டாக்சிக்காரங்க சுமார் 25,000 தெருவை மனப்பாடம் பண்ணணுமாம். 2000ல அவங்க மூளையைப் படம் புடிச்ச ஆராய்ச்சி வந்துச்சு. வழியை ஞாபகம் வைக்கிற எடத்துல பின்பக்கம் பெருத்திருந்துச்சாம். நம்ம கூத்து வாத்தியாரை யாரும் படம் புடிக்கல. புடிச்சிருந்தா மெசினுக்குள்ள தலை நொழைஞ்சிருக்காது.

அந்தக் கூத்துலயே ஒனக்கு ஒரு பாடம் இருக்கு. தவத்துல இருந்த சிவனை எழுப்பப் போன மன்மதன் சாம்பலாப் போனான். நீ ரிசல்ட்டுக்காகச் சாமியை எழுப்பப் போற. பாத்துப் போ.

படிப்பும் நமக்குச் சும்மா கெடைச்சிடல. 1945ல நாட்டுக்கே இலவசக் கல்வி வந்துச்சு. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்க எழுபதுகள் ஆச்சு. அதுவரைக்கும் நம்மாளுக்கு ஒத்தைக் காம்பரா, ஒத்தை வாத்தியாரு. அப்பவும் படிச்சு மேல போனவங்க இருக்காங்க. 2005லருந்து பதுளையிலயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கு; தேயிலையைப் படிக்கவே அங்க ஒரு பட்டம் தராங்க. ஒம் பாட்டி ஆயுசு பூரா கொழுந்தோட படிச்ச படிப்புக்கு முதுகு வலிதான் பட்டம். நீயாவது தாள்ல வாங்கு.

சாமியும் நம்ம கணக்கப்புள்ள மாதிரிதான்டா. கொழுந்தை நிறுக்காம நாள் சம்பளத்துக்குப் பேரு போட மாட்டாரு. வெறுங்கூடையோட போனா அரைப்பேருகூடத் தேறாது. தேங்காயைத் தாராளமா ஒட, சில்லைத் தின்னு. தின்னுக்கிட்டே கணக்குப் புத்தகத்தை எடு.