அட்வான்ஸ் சார்

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பம்மலில் வீடு தேடி வருகிறவர் முதலில் வீட்டைப் பார்ப்பார். வீட்டுக்காரர் முதலில் வந்தவரின் பையைப் பார்ப்பார். அந்த வீட்டுக்காரரை நாம் அட்வான்ஸ் சார் என்றே அழைப்போம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கீழே அவர் குடியிருப்பு, மேலே இரண்டு போர்ஷன். வாசலில் அவர் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும் இடம் யோசித்துத் தேர்ந்தது. கேட், மாடிப்படி, மோட்டார் ஸ்விட்ச் மூன்றும் அங்கிருந்தே தெரியும்.

“வாடகை 12,000. அட்வான்ஸ் பத்து மாசம். மெயின்டனன்ஸ் தனி.”

ஆக, 1,20,000 ரூபாய். அதை அவர் பாங்கில் பத்திரமாகப் போட்டு வைப்பார் என்று நம்புகிறவர் பம்மலுக்குப் புதியவர். முதல் போர்ஷன் அட்வான்ஸில் இரண்டாவது போர்ஷனுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. இரண்டாவதன் அட்வான்ஸில் மகளுக்கு வளைகாப்பு முடிந்தது.

“மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காமே சார்?” என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபமே வராது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டிய பாக்கி போக, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

“முழுசாப் படிங்க தம்பி. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்திலதான் அது. நாமதான் ஒப்பந்தம் போடறோமே!”

அந்த ஒப்பந்தம் தெருமுனை ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்ற வேண்டும். காலம் 11 மாதம். ஓராண்டைத் தாண்டும் குத்தகை என்றால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பத்திரப் பதிவுக்குப் போக வேண்டுமே என்று பெரியவர்கள் கண்டுபிடித்த கணக்கு அது. இப்போதைய சட்டமோ 11 மாத ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. “அதுக்கென்ன, மெதுவாப் பண்ணிக்கலாம்” என்பார் சார். நாற்காலி நகராது.

அவரைத் தூங்கவிடாத வாக்கியம் ஒன்றுதான்: “வாடகையை அட்வான்ஸ்லயே கழிச்சுக்குங்க.” பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு மாத வாடகைதான் முன்பணம். அதற்கு மேல் வாங்கிய தொகையை வாடகையில் ஈடுகட்டலாம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 1996-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. தீர்ப்பு சாருக்குத் தெரியாது. அவர் வயிற்றுக்குத் தெரியும்.

காலி செய்யும் நாளில் சார் டார்ச்சோடு மாடி ஏறுவார். காலண்டர் மாட்டிய ஆணி, ஒழுகும் குழாய், சுவரில் குழந்தை வரைந்த யானை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை. பெயின்ட் அடிக்கிறாரோ இல்லையோ, பிடித்தம் நிச்சயம். குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு, சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. சார் வாஷர் வரைக்கும் சட்டத்தோடு ஒத்துப்போவார்.

“மீதி எப்ப சார் கிடைக்கும்?”

“அடுத்த பார்ட்டி வரட்டும். அவங்க கொடுத்ததும் உங்க கைல கொடுத்துடறேன்.”

அன்று முதல் குடியிருந்தவரே சாரின் சம்பளமில்லாத புரோக்கர். எந்த வீட்டைவிட்டு ஓடத் துடிக்கிறாரோ, அந்த வீட்டையே நாலு பேருக்குப் புகழ்கிறார். “தண்ணிக்குக் கவலையே இல்ல சார். ஓனர் தங்கமானவர்.” விமானம் தலைக்கு மேல் இரைந்து போகும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுப் புன்னகைக்கிறார். “அப்புறம் ஏன் காலி பண்றீங்க?” என்றால், “பையன் ஸ்கூல் கொஞ்சம் தூரம்” என்கிறார். அவருக்குப் பையன் கிடையாது.

ஒருவழியாகப் புது ஆள் சிக்குகிறார், பணம் கைமாறுகிறது, பிடித்தம் போக மீதி வருகிறது. அதை எடுத்துக்கொண்டு நம்மவர் பக்கத்து அனகாபுத்தூரில் வீடு பார்க்கப் போகிறார். பூட்டைத் திறந்துவிட்ட மனிதர் முகமெல்லாம் மலர்ச்சியாக, “தண்ணிக்குக் கவலையே இல்ல சார். ஓனர் தங்கமானவர்” என்கிறார்.

நம்மவர் அவர் தோளில் கை போட்டுக் கேட்டார்:

“உங்களுக்கு எவ்வளவு சார் வரணும்?”