ரிமோட் கங்காணி

பெரட்டுக் களத்தில் பேர் போட ஒரு கங்காணி இருப்பது போல, டிக்கோயாப் பக்கம் லயத்துக்கு ஒரு ரிமோட் கங்காணி உண்டு. இவருக்குச் சம்பளம் கிடையாது, சங்கச் சந்தாவும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ராத்திரி ஏழரைக்கு மேல் அந்த லயம் என்ன பார்ப்பது, எப்போது பார்ப்பது, பார்க்கத்தான் வேண்டுமா என்பதெல்லாம் இவருடைய கட்டைவிரலில் இருக்கிறது.

எங்கள் லயத்தில் அந்த உத்தியோகம் மாமாவுக்கு. யாருக்கு மாமா என்று கேட்டால் எல்லோருக்கும். தேயிலை ஸ்டோரில் முப்பது வருடம் சலிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீ.ஓ.பி. ஒரு பக்கம், பீ.ஓ.பி.எப். ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம் என்று பிரித்துப் பழகிய கை. பென்சன் வாங்கினாலும் கை சும்மா இருக்குமா? இப்போது படங்களைச் சலிக்கிறார்.

டிவி, தோஹாவில் இருக்கும் மச்சான் மகன் வாங்கிக் கொடுத்தது. நெட்ஃபிளிக்ஸ் கணக்கும் அவனுடையதுதான். அதில் ஐந்து பேருக்குத் தனித்தனி முகம் வைத்துக்கொள்ளலாம். ஐந்தில் ஒன்று, கண்ணாடி போட்ட ஒரு பொம்மை, மாமா. ரவுட்டர் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையால் கட்டியிருக்கிறது. காம்பராவில் வேறெங்கே வைத்தாலும் சிக்னல் வராது. பகல் டேட்டா மாதப் பாதியிலேயே தீர்ந்துவிடும். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் நைட் டேட்டா.

இந்தக் கடைசி விபரம் முக்கியம். மாமா தேர்ந்தெடுப்பது முழுக்கப் பகல் டேட்டாவில். பார்ப்பதற்கு நைட் டேட்டா என்பது திட்டம்.

ஏழரைக்குச் சபை கூடும். அத்தை ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்துவிட்டு வந்து உட்காருவார். மாமாவின் உயர்தரம் படிக்கும் மகள் பாடப்புத்தகத்தோடு வருவாள், புத்தகம் திறக்காது. பக்கத்துக் காம்பராப் பையன்கள் இஸ்தோப்பில் நின்று கதவு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். அம்மாயி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டிவிக்கு மிகக் கிட்டத்தில்.

"அப்பா, கொரியா நாடகம் ஒன்னு தமிழ்லயே பேசுது, போடுங்க."

"கொரியாவா? 2021ல அந்தக் கணவாய் மீன் விளையாட்டைப் போட்டு, பாதி லயம் ராத்திரி கக்கூஸுக்குத் தனியாப் போகப் பயந்துச்சே, மறந்துட்டியா?"

'ஸ்குவிட் கேம்' என்பதை மாமா இப்படித்தான் தமிழில் சொல்வார். அதைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான் என்பதை எங்களில் யாரும் அந்த நேரத்தில் எடுத்துச் சொல்வதில்லை.

பிறகு சலிப்பு தொடங்கும். ஒரு படத்தின் மேல் நின்றால் அதன் ட்ரெய்லர் தானாகவே ஓடும். ஓடட்டும் என்று விடுவார். அது முடிந்ததும் போனை எடுத்து ஐ.எம்.டி.பி. மார்க் பார்ப்பார். "ஏழுக்குக் குறைஞ்சா நம்ம லயத்து வாசப்படி ஏறப்படாது" என்பது சட்டம். ஏழு தாண்டியிருந்தால் இன்னொரு சந்தேகம் வரும்: "இருநூறு பேருதான் மார்க் போட்டிருக்கான். சொந்தக்காரனுகளா இருக்கும்." இருநூறு ஆயிரமாக இருந்தால், "இம்புட்டுப் பேரு பாத்திருக்கான்னா அப்படி ஒன்னும் விசேஷமா இருக்காது." இதற்கு மேல் சென்னையிலிருந்து யூடியூபில் விமர்சனம் சொல்லும் பையன்கள் மூன்று பேரின் கருத்தையும் கேட்டாக வேண்டும். மூன்று பேரும் நல்ல படம் என்று சொல்லிவிட்டால் மாமாவுக்கு முகம் சுருங்கிவிடும். "காசு வாங்கிட்டானுக."

எப்போதாவது ஒரு படம் இந்தச் சல்லடை எல்லாவற்றையும் தாண்டி ஓடத் தொடங்கும். அப்போது மாமா தேயிலை ருசி பார்க்கிறவராகிவிடுவார். அவர்கள் ஒரு கரண்டியைச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்கிற மாதிரி, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "டஸ்ட்" என்பார். அவர்களாவது துப்பிய பிறகு ஒரு விலை சொல்வார்கள்.

படத்துக்குள் தேயிலைத் தோட்டம் வந்துவிட்டால் துப்புவதற்கு மாமா தேவையில்லை, அம்மாயியே போதும். கதாநாயகி கூடையை மாட்டிக்கொண்டு பாடியபடி கொழுந்து எடுப்பாள். "ரெண்டு இலை ஒரு மொட்டாப் பாத்துக் கிள்ளத் தெரியல. முத்தலப் போய்ப் பிச்சுப் போடுது. இந்தக் கூடைக்கு அரைப்பேருதான்."

ஒருநாள் அம்மாயி வாய் திறந்து ஒரு படம் கேட்டார். "'புதிய காத்து' இருக்கானு பாரேன்." தொழிற்சங்கக்காரரான வீ.பி. கணேசன் தயாரித்து நடித்து 1975இல் வந்த படம். தோட்டத்து ஜனங்களின் கதை. மாமா பக்தியோடு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். உலகத்துப் படமெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் அந்தப் பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு அமெரிக்கச் சூறாவளிப் படத்தை எடுத்து நீட்டியது. "காத்துதான் கேட்டேன், இவ்வளவு வேணாம்" என்று அம்மாயி படுக்கப் போய்விட்டார். ஐந்நூறு விதமான கொலைகாரனைப் பற்றிப் படம் வைத்திருக்கிற இடத்தில் எங்களைப் பற்றிய ஒன்று அகப்படவில்லை என்பது, மாமாவின் நிதானத்தைவிட எனக்கு அதிக எரிச்சல் தருகிற விஷயம்.

மாமாவைச் சும்மா பரிகாசம் பண்ணுவது நியாயமில்லை. அவர் வளர்ந்த காலத்தில் யாரும் அவரிடம் எதையும் கேட்டுப் போட்டதில்லை. கோவில் திருவிழாவில் வெள்ளை வேட்டி கட்டி என்ன ஓட்டினார்களோ அதுதான் படம். 1982இல் ரூபவாஹினி பீதுருதாலகாலை உச்சியிலிருந்து ஒளிபரப்பத் தொடங்கிய பிறகு, கார் பேட்டரியில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வந்தது. ஒருவர் கூரையேறி அன்டனாவைத் திருப்ப, கீழே இருந்து "வருது... வருது... போச்சு!" என்று கத்துவார்கள். வருவதைப் பார்க்க வேண்டியதுதான், வேண்டியதைப் பார்க்கிற பேச்சே இல்லை.

அதற்கப்புறம் டெக் காலம். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, ஹட்டனிலிருந்து டெக்கும் மூன்று கசெட்டும் வாடகைக்குக் கொண்டுவருவார்கள். மாமாவை முதல் தடவை கடைக்கு அனுப்பியது அப்போதுதான். முழு லயத்தின் காசையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அலமாரி நிறைய கசெட்டுக்கு முன்னால் நின்ற அந்த மத்தியானத்தை இன்னும் சொல்வார். எம்.ஜி.ஆர். ஒன்று, சிவாஜி ஒன்று, ரஜினி ஒன்று. விடிய விடிய மூன்றும் ஓடி, ஜனம் தூங்காமலேயே பெரட்டுக்குப் போனது. திட்டுவதற்கு ஒருத்தரும் இல்லை. அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸும் 1997இல் அமெரிக்காவில் அப்படி ஒரு வாடகைக் கடையாகத்தான் தொடங்கியது, தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டு. 2023 செப்டம்பரில்தான் அந்தத் தபால் வேலையை நிறுத்தினார்கள். இதைச் சொன்னபோது மாமா, "தபால்ல வந்தா நல்லதாச்சே. வர்றதுக்குள்ள நிதானமா யோசிக்கலாம்" என்றார்.

இன்னொரு நாள், படித்த திமிரில், ஜாம் கதையைச் சொல்லிப் பார்த்தேன். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு. கடையில் 24 வகை ஜாம் வைத்து ருசி பார்க்கச் சொன்னபோது, நின்று பார்த்தவர்களில் நூற்றுக்கு 3 பேர்தான் வாங்கினார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது 30 பேர். மாமா முழுவதையும் கேட்டார். "ஜாமுக்கு ட்ரெய்லர் கிடையாதே தம்பி" என்றார்.

ஆனால் அந்த ஆய்வை எங்கள் லயமே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விடும். முதல் நாள் ராத்திரியே போனில் இறக்கி வைத்த இரண்டு படம், அவ்வளவுதான் கைவசம். "இதா, அதா?" என்று கேட்பார் மாமா. "இது" என்போம். உடனே ஓடும். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில்தான் நாங்கள் அதிகம் படம் பார்த்தோம். அத்தை இன்றைக்கும் சில ராத்திரிகளில், ஒன்பதரை தாண்டிய பிறகு, மெயின் சுவிட்ச் இருக்கும் திசையை ஏக்கத்தோடு பார்ப்பார்.

போன மாதம் மாமா ஒரு கல்யாணத்துக்குக் கொழும்பு போனார். ரிமோட் அநாதையாக மேசையில் கிடந்தது. லயத்துக்கே விடுதலை. ஏழரைக்குச் சபை கூடியது. மகள் கொரியாவைப் போட்டாள், பையன்கள் சண்டைப் படம் கேட்டார்கள், அத்தைக்கு ரெண்டும் வேண்டாம். எட்டு மணி. யாரோ ஐ.எம்.டி.பி.யில் பார்க்கச் சொன்னார்கள். எட்டே முக்கால். ஆளுக்கொரு ட்ரெய்லர் ஓடி முடிந்திருந்தது. கடைசியில் அத்தைதான் போனை எடுத்தார்.

"எங்க வர்றீங்க?"

"பஸ் கித்துல்கல தாண்டப் போகுது. ஏன்?"

"என்ன படம் போடுறதுன்னு தெரியல."

எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மாமாவின் குரல், ஸ்டோரில் பெரிய துரை வந்து நின்ற நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படி. "கித்துல்கலன்னதும் ஞாபகம் வருது. க்வாய் நதிப் பாலம்னு ஒரு இங்கிலீஷ் படம், 1957ல வந்தது. இந்த ஆத்துலதான் பாலத்தைக் கட்டி வெடி வெச்சு ஒடைச்சாங்க. எங்கப்பா சொல்வாரு..."

"அதையே போடவா?"

"அவசரப்படாத. அது கொஞ்சம் நீளம். இரு, மார்க் எவ்வளவுன்னு பாக்குறேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் ரிமோட்டைத் தொடப்படா..."

கினிகத்தேனை ஏற்றத்தில் சிக்னல் விட்டுப்போனது. அத்தை ரிமோட்டைத் துண்டால் துடைத்து டிவிக்கு மேல் வைத்தார். பஸ் ஹட்டன் வந்து சேர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. நாங்கள் ரொட்டி சாப்பிடப் போனோம்.