நொடிக்கு மூணு

வாடா பேராண்டி. விவசாயக் காலேஜுலேர்ந்து வந்ததும் வராததுமா, "தாத்தா, ரூபிஸ்கோ மகா சோம்பேறி நொதி, அதைத் திருத்திட்டா நெல்லு பிச்சுக்கிட்டு விளையும்"ங்கிற. சொல்லு சொல்லு. சோத்தை உருட்டி வாயில போட்டுக்கிட்டே சொல்ற பாரு, அதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. அந்த உருண்டையில இருக்கிற கரி அத்தனையும் காத்துலேர்ந்து அந்தச் சோம்பேறி புடிச்சுக் கொடுத்ததுதான்.

நீ திண்ணையில போட்டுட்டுப் போன புஸ்தகத்தை நானும் கண்ணாடி மாட்டிப் படிச்சேன். நீ சொல்றது பொய்யில்ல. நம்ம ரத்தத்துல கரியமில வாயுவைக் கையாளுற நொதி ஒண்ணு நொடிக்கு 10 லட்சம் தடவை வேலை பாக்குதாம். ரூபிஸ்கோ நொடிக்கு மூணு. அந்த மூணாவது உருப்படியா? 25 டிகிரி இதமான நாள்லயே ஏறத்தாழ நாலுக்கு ஒண்ணு ஆள் மாறாட்டம். கரியமில வாயுவை விட்டுட்டுப் பிராணவாயுவைப் புடிச்சு ஒட்ட வெச்சுடுது. சித்திரை மத்தியானத்துல இன்னும் மோசம்.

அந்தத் தப்பைத் திருத்த இலை படுற பாடு இருக்கே! பசுங்கணிகத்துலேர்ந்து பெராக்சிசோமுக்கு, அங்கேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு, திரும்பவும் பசுங்கணிகத்துக்கே வந்து சேர்றதுக்குள்ள, புடிச்சு வெச்ச கரியமில வாயுவுல கொஞ்சம் பறந்து போயிடும், சக்தியும் செலவு. இதுக்கு ஒளிச்சுவாசம்னு கௌரவமா ஒரு பேரு வேற.

அந்தக் காலத்துல நம்மூர்ல ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். ஒரு ரசீது எழுத ரெண்டு தடவை வெத்தலை போடுவார், அதுலயும் அப்பன் பேரு மாறியிருக்கும். ஆனா ஊர் கணக்கெல்லாம் அவர் பெட்டியில. அதனால அவரைத் தெருவுல திட்டிட்டு, உள்ள போய்க் கும்பிட்டோம். இலையும் அதைத்தான் பண்ணுது. ஆளு மெதுவா? ஆளைக் கூட்டு! 1947ல அமெரிக்காவுல வைல்ட்மேன், பானர்னு ரெண்டு பேர் ஸ்பினாச் கீரையை அரைச்சுப் பிரிச்சுப் பாத்தாங்க. கரையுற புரதத்துல பெரும்பங்கு ஒரே ஆளு. அது நம்ம ரூபிஸ்கோதான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. நெல்லுக்கு நீ வீசுற யூரியாவுல பயிரு எடுத்துக்கிறதுலயும் நல்ல பங்கு இவரைப் பெருக்கத்தான் போகுது.

அவர்மேல மட்டும் பழி போடாதே. அவர் வேலைக்குச் சேந்தப்ப காத்துல பிராணவாயுவே கிடையாது. யாரைப் புடிச்சாலும் சரியான ஆளாத்தான் இருக்கும். அவர் ஊட்டி வளத்த நீலப்பச்சைப் பாசிதான் பிராணவாயுவைக் கக்கிக் கக்கி, 240 கோடி வருசத்துக்கு முன்னாடி காத்தையே மாத்திப்புடுச்சு. தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மனுசன். இன்னிக்குப் பிராணவாயு 21 சதம், கரியமில வாயு 0.04 சதம். இந்த நெரிசல்ல நாலுக்கு மூணு சரியாப் புடிக்கிறாரே, உன் பரீட்சை மார்க்கு எவ்வளவுடா?

திருத்தப் போறியா, போ. ஆனா அவரை வேகமாக்கினா பெரும்பாலும் தப்பு கூடுது, தப்பைக் குறைச்சா வேகம் போயிடுது. அதுலதான் பெரிய பெரிய ஆளெல்லாம் மண்டையைப் பிச்சுக்கிறான்.

கரும்பு கெட்டிக்காரப் பய. அவரைத் தொடவே இல்ல. வெளி அறையில பிராணவாயுவை ஏறெடுத்தும் பாக்காத வேறொரு நொதியை வெச்சுக் கரியமில வாயுவைப் புடிச்சு, நரம்பைச் சுத்தி இருக்கிற உள்ளறையில கொண்டுபோய்க் கொட்டுது. ரூபிஸ்கோ உள்ள உக்காந்திருக்கார். சுத்திலும் கரியமில வாயு. தப்பு பண்ணணும்னாலும் வழியில்ல. 1966ல ஆஸ்திரேலியாவுல ஹேட்ச், ஸ்லாக் ரெண்டு பேரும் கரும்பு இலையில இந்த வழியை விளக்கினாங்க. சி4ங்கிறாங்க. கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் எல்லாம் அதே கூட்டம். ஒரு லென்ஸை எடுத்துக்கிட்டுப் போய் கேழ்வரகு இலையையும் நெல்லு இலையையும் பக்கத்துல வெச்சுப் பாரு, கேழ்வரகுல நரம்பு எவ்வளவு நெருக்கமா ஓடுதுன்னு தெரியும். அந்த ஏற்பாட்டை நெல்லுக்குள்ள நுழைக்கப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி வெச்ச வேலை பதினஞ்சு வருசம் தாண்டியும் ஓடிக்கிட்டிருக்கு. நீயும் போய்ச் சேரு, தாத்தா வேண்டாங்கல.

அதுக்கு முன்னாடி தெக்கு வயலை ஒரு நடை பாத்துட்டு வா. கோரையும் அருகும் மண்டிக் கிடக்கு. ரெண்டும் சி4. எந்தக் காலேஜுக்கும் போகாம படிச்சுட்டு வந்து உன் நெல்லு தலையில ஏறி நிக்குது. மம்முட்டி கொட்டாயில இருக்கு.