ஆறடி வீரனைக் குறுக்கும் முறை: மேசைப் போர்ப் பொம்மைகளின் உயரம் பற்றி ஓர் ஆய்வு

மேசைமீது பொம்மைப் படைகளை நிறுத்திப் பகடை உருட்டிப் போர் செய்வோர் முதலில் தீர்க்க வேண்டியது எந்தப் போர் என்பதன்று. வீரன் எத்தனை மில்லிமீட்டர் என்பதே. 6, 10, 15, 20, 28, 54 எனப் பல உயரங்கள் சந்தையில் உள. 6 மி.மீ. படை வைத்திருப்பவர் 28 மி.மீ. படைக்காரரோடு சண்டையிட வழியில்லை. ஆகவே அவ்விருவருக்கும் இடையே நிரந்தர அமைதி நிலவுகிறது. இவ்வுயரங்களுள் ஒன்றையேனும் போர் தீர்மானிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சான்று யாதெனின்: இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. உயரம் 54 மி.மீ. அன்றைய பொம்மை ரயிலின் பக்கத்தில் நிறுத்தினால் உறுத்தாத உயரம் அது. அச்சிப்பாய்களைத் தரையில் பரப்பி, அங்குல நீள மரக்குச்சியை எறியும் குட்டிப் பீரங்கியால் வீழ்த்தும் விதிகளை எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலாக்கினார். அடுத்த ஆண்டே ஐரோப்பா அதை 1:1 அளவில் ஆடத் தொடங்கியது. அதில் அளவு குறித்து எவருக்கும் ஐயம் எழவில்லை.

1:72 என்ற அளவுக்கும் போருக்கும் உறவில்லை. ஆறடி என்றால் 72 அங்குலம். ஆறடி ஆள் ஓரங்குலம் ஆகிறான். வகுத்தலுக்கு அஞ்சியவர்க்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஏர்பிக்ஸ் நிறுவனமோ தன் பிளாஸ்டிக் சிப்பாய்ப் பெட்டிகளில் எச்ஓ-ஓஓ என்று அச்சிட்டது. எச்ஓ 1:87, ஓஓ 1:76. இரண்டும் ரயில் பொம்மை அளவுகள். உள்ளேயிருக்கும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு உயரங்களில் இருந்தான். இதனை அத்வைதிகளே விளக்க வேண்டும்.

1:35இன் பிறப்பு இன்னும் சுவையானது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கியை வெளியிட்டது. உள்ளே இரண்டு பேட்டரிகள் அடங்க வேண்டும். அதற்கேற்ப உடலைச் செய்தார்கள். நன்றாக விற்றது. மற்ற நாட்டு டாங்கிகளையும் அதே அளவில் செய்யலாம் என்று அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு என்று தெரிந்தது. மாடல் உலகம் அதையே பிரமாணமாக ஏற்றுக்கொண்டது. பேட்டரி சற்றுப் பருத்திருந்தால் இரண்டாம் உலகப்போரே கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

இனி அளக்கும் முறை. 28 மி.மீ. என்றால் எங்கிருந்து எங்கே? பாதத்திலிருந்து கண் வரை என்பது ஒரு கட்சி. உச்சந்தலை வரை என்பது மறு கட்சி. போர்வீரன் தொப்பி, தலைக்கவசம், இறகுக் கொண்டை என்று எதையாவது கவிழ்த்துக்கொண்டிருப்பதால் உச்சியைக் காண்பதரிது. ஆகவே கண்ணே கணக்கு என்பர் முன்னவர். தொப்பி கண்ணை மறைத்தால் என் செய்வீர் என்பர் பின்னவர். 1.7 மீட்டர் ஆளை உச்சிவரை 28 மி.மீ. ஆக்கினால் சுமார் 1:61. கண்வரை ஆக்கினால் சுமார் 1:57. ஒரே படையில் இரு கட்சியாரின் வார்ப்பும் கலந்தால் அண்ணன் தம்பி வரிசை கிடைக்கும். இதற்கிடையே 25 என்று தொடங்கிய வம்சம் 28 ஆகி, 32ஐயும் தொட்டுவிட்டது. பெயரில் ‘வீர அளவு’ என்று பெருமை வேறு: தலை பெரிது, கை பெரிது, துப்பாக்கி அதனினும் பெரிது. முகத்தை அலகாகக் கொண்டு உருவை அளக்கும் நம் ஸ்தபதி இவர்களைக் கண்டால் வீரர் வரிசையில் சேர்க்கமாட்டார், பூதகணங்களோடு நிறுத்துவார்.

ஆளைக் குறுக்கியாயிற்று, நிலத்தை என்ன செய்வது? இவ்வினாவில்தான் இத்துறையே நொண்டுகிறது. ‘போல்ட் ஆக்ஷன்’ என்ற மேசைப் போர் விளையாட்டின் விதிகளில் ரைபிள் 24 அங்குலம் சுடும். அதன் வண்டிகளின் அளவான 1:56ஐ நிலத்துக்கும் பொருத்தினால் அது 34 மீட்டர். அவ்வளவு தொலைவுக்குத் துப்பாக்கி எதற்கு, கல்லே போதும். சரி, உண்மைப்படியே ஆடுவோம் என்றால், நெப்போலியன் காலத்துப் பெரும் பீரங்கியின் 900 மீட்டர் வீச்சுக்கு 1:60இல் 15 மீட்டர் மேசை வேண்டும். வழக்கமான மேசை ஆறடிக்கு நாலடி.

ஆளுக்கு ஓர் அளவு, நிலத்துக்கு வேறோர் அளவு என்னும் இக்குற்றத்துக்குப் பெரிய இடத்து முன்னுதாரணம் உண்டு. வில்லியம் சைபார்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வாட்டர்லூ களத்தில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்து, ஒரு மைலுக்கு ஒன்பதடி என்ற கணக்கில் மாதிரி செய்து 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். நிலம் ஏறத்தாழ 1:587. அதன்படி ஆள் 3 மி.மீ.தான் இருக்க வேண்டும். அவர் வைத்ததோ 10 மி.மீ. ஆட்கள், எழுபதாயிரத்துக்கு மேல். அப்போரில் பிரிட்டிஷ் தரப்பை நடத்திய வெலிங்டன் பிரபு இந்த முரணைப் பொருட்படுத்தவில்லை. பிரஷ்யர்கள் நிற்கும் இடமே அவரை உறுத்தியது. பின்னர் ஆயிரக்கணக்கான பிரஷ்யப் பொம்மைகள் அகற்றப்பட்டன. மாதிரி இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே பிரஷ்யர்கள் இவ்விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அவர்களுள் ஓர் அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824இல் அளித்த போர் விளையாட்டில் 1:8000 வரைபடமும் சிறு கட்டைகளும் மட்டுமே. ஆளே இல்லை, அளவுச் சண்டையும் இல்லை. வண்ணம் பூசும் இன்பமும் இல்லை என்பதால் இவ்வாய்வாளர் அதனைப் பரிந்துரைக்க மனமில்லாதவராயினார்.

அளவைத் தேர்வதற்கு ஒரு கணிதம் தரலாம். 28 மி.மீ. வீரனை 60 செ.மீ. தள்ளிநின்று பார்ப்பது, மெய்யான ஆளை 36 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். மீசையும் பொத்தானும் ஓரளவு புலப்படும். 6 மி.மீ. வீரனோ சுமார் 170 மீட்டர் தொலைவில் நிற்பவன்; புலப்படுவது பட்டாளம் மட்டுமே. ஆகவே முன்னதில் நீங்கள் ஹவில்தார், பின்னதில் தளபதி. நடுவே 15 மி.மீ. எடுப்பவர்களின் பொறுமைக்கு வணக்கம் கூறி மேலே செல்கிறோம். செலவு, மூக்குக்கண்ணாடி, பரண் முதலியன வெளிப்படை. எதிரில் ஆட இசைபவர் எந்த அளவில் படை வைத்திருக்கிறாரோ அதுவே உமது அளவு என்ற நடைமுறை விதி மேற்கண்ட ஆய்வனைத்தையும் தள்ளிவிடும். ஆயினும் ஆய்வு ஆய்வே.

மரங்களைப் பற்றி இதுவரை எவரும் வாய் திறக்கவில்லை. இருபது மீட்டர் ஓக் மரம் 1:60இல் 33 செ.மீ. உயரம் நிற்க வேண்டும். அப்படி ஒன்றை வைத்தால் கை தட்டிச் சாயும், பின்னால் நிற்கும் படை தெரியாது, பெட்டியில் அடங்காது. ஆகவே மேசைகளில் நிற்பவை பாதி உயரம்கூட இல்லாத குட்டை மரங்கள். அவற்றின் நிழலில் ஒதுங்கும் வீரனுக்கு விதிப்படி முழுப் பாதுகாப்பு உண்டு.