தேரிக்காட்டு எறும்பு

ஒரு சினிமாவுக்காவது கதை எழுதிவிட வேண்டும் என்ற கிறுக்கு எனக்கு இருபது வருஷமாக உண்டு. காதல் கதைக்கு அனுபவம் போதாது. சண்டைக் கதைக்கு உடம்பு போதாது. கடைசியில் பூச்சியில் வந்து நின்றேன்.

காரணம், 1954-இல் வந்த ‘தெம்’ என்ற அமெரிக்கப் படம். நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அணுகுண்டைச் சோதித்துப் பார்த்த புண்ணியத்தில், அங்கே இருந்த எறும்புகள் வேன் அளவுக்கு வளர்ந்துவிடும். எறும்பைப் பார்த்த பயத்தில் பேச்சு நின்றுபோன ஒரு சிறுமி; அவள் மூக்கருகே பார்மிக் அமிலத்தைக் காட்டியதும் வாய் திறந்து அலறுவாள். அந்த அலறல்தான் படத்தின் தலைப்பு.

இதற்கு அமெரிக்கா எதற்கு என்று எனக்குப் பட்டது. பாலைவனம் வேண்டுமா, உடன்குடிக்குப் பக்கத்திலேயே செக்கச்செவேலென்று குதிரைமொழித் தேரி கிடக்கிறது. விஞ்ஞானம் வேண்டுமா, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டியாயிற்று. எறும்பு? கருப்பட்டி காய்ச்சுகிற ஊரில் எறும்பு இருக்குமா என்பது, திருச்செந்தூரில் கடல் இருக்குமா என்பது மாதிரி.

கதை தானாக வந்தது. ராக்கெட் எரிபொருள் ஒரு சொட்டு கருப்பட்டிப் பாகில் விழுகிறது. அதைத் தின்ற எறும்பு யானையாகிறது. குலசை தசராவில் காளி, கரடி, குரங்கு என்று ஊரே வேஷம் கட்டித் திரியும்போது இதுவும் கூட்டத்தில் நுழைகிறது. “வேஷம் நல்லா இருக்கே” என்று ஜனங்கள் காணிக்கை போடுகிறார்கள். இங்கே இடைவேளை.

இதை ஆச்சியிடம் சொன்னது என் தப்பு. அப்போது அவள் பன்னாடையில் பதநீர் வடித்துக்கொண்டிருந்தாள். அதில் தேனீ, ஈ, எறும்பு என்று என் கதாபாத்திரங்கள் அத்தனை பேரும் பிணமாகக் கிடந்தார்கள்.

“ஏல, உடம்பு பெருத்தவன் பனை ஏறுவானாலே?”

“ஏற முடியாது ஆச்சி.”

“பொறவு உன் எறும்பு மட்டும் எப்படிலே நடக்கும்?”

கலிலியோ 1638-இல் ஒரு புத்தகம் போட்டு விளக்கிய விஷயம் இது. எறும்பு பத்து மடங்கு நீண்டால் அதன் எடை ஆயிரம் மடங்காகும். காலின் பலமோ நூறு மடங்குதான் கூடும். யானை அளவு வளர்ந்தால் கால் ஒடிந்து அங்கேயே படுத்துவிடும். மூச்சும் முட்டும்; பூச்சிக்கு நுரையீரல் கிடையாது, விலாவில் உள்ள பொத்தல்கள் வழியாகத்தான் காற்று போக வேண்டும். முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் இரண்டடிக்குச் சிறகு விரித்த தும்பி ஒன்று இருந்ததே என்று நான் வாதாடியிருக்கலாம். ஆனால் அன்றைக்குக் காற்றில் ஆக்சிஜன் அதிகம். ஆச்சி அதற்கும் ஏதாவது வைத்திருப்பாள்.

அவள் பூச்சிப் படத்துக்கே எதிரி என்று நினைக்க வேண்டாம். ராஜமௌலியின் ‘நான் ஈ’ 2012-இல் வந்தது. டிவியில் போடும்போதெல்லாம் பார்ப்பாள். “செத்தவன் ஈயாப் பொறந்து பழி வாங்குதான். இதுல என்ன தப்பு? ஈ ஈயாத்தானே இருக்கு” என்பாள். மறுபிறவி அவளுக்கு விஞ்ஞானம். பெரிய எறும்புதான் மூடநம்பிக்கை. ‘எந்திரன்’ ரஜினி கொசுவிடம் பேசியதையும் ஒத்துக்கொண்டாள். “நம்ம பேச்சை எந்தக் கொசு கேக்குது, அவராவது பேசிப் பாக்கட்டும்.”

“அப்போ நீ எதுக்குத்தான் பயப்படுவே?” என்று கேட்டேன்.

பன்னாடையை உதறிவிட்டு, குரலைத் தணித்து, “கடந்தை” என்றாள்.

தஞ்சாவூர்ப் பக்கம் கதண்டு என்பார்கள். விரல் கணு அளவு குளவிதான். கூட்டமாகக் கொட்டினால் ஆளே காலி. தீயணைப்புக்காரர்கள் வந்து கூட்டை எரித்த செய்தி பேப்பரில் அடிக்கடி வரும். பனையேறிக்கு அந்த வசதி கிடையாது. நாற்பது அடி உயரத்தில், இடுப்பில் பாளை அரிவாளும் கலயமுமாக, மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுகிறவர் மட்டைக்குள் கையை விடும்போதுதான் அது இருப்பதே தெரியும். கையை வீசி விரட்டலாம் என்றால், மரத்தைப் பிடித்திருப்பதும் அதே கைதான். ஆச்சி அதற்கு மேல் சொல்லவில்லை. தாத்தா பனையேறி. நானும் கேட்கவில்லை, நோட்டை மூடிவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கொட்டான் கருப்பட்டி கொடுத்தாள். “எறும்பு வந்தா விரட்டாதே. அது மொய்ச்சாத்தான் சரக்கு நல்லதுன்னு அர்த்தம்.”

சென்னைக்கு வந்து சேர்ந்த அன்று ராத்திரியே என் வீட்டு எறும்புகள் கொட்டானைச் சுற்றி ஊர்வலம் போயின. அது தீர்ந்ததும், இங்கேயே ஒரு கடையில் ‘அசல் உடன்குடி’ என்று அச்சடித்த டப்பா ஒன்று வாங்கி, திறந்து சமையல் மேடையில் வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரே ஒரு சித்தெறும்பு வந்தது. விளிம்பில் ஏறி நின்று மீசையை ஆட்டி முகர்ந்து பார்த்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.