சுமை தூக்காத வண்டியின் சொந்தக்காரர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களிலும் புறநகர்களிலும், விடுமுறை நாளின் காலை தொடங்கி இரவு உணவு ஆறிப்போகும் வரை, வீட்டை ஒட்டிய வண்டிக் கொட்டகையில் ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடியில் மல்லாந்து கிடக்கும் மனிதரை, வேறு பொருத்தமான பெயர் அமையாத காரணத்தால், பிக்கப் பித்தர் என்று அழைக்கலாம். முன்புறம் இருவரோ மூவரோ அமர்வதற்கான அறையும், பின்புறம் கூரையில்லாத சரக்குத் தொட்டியும் கொண்ட சிறிய பார வண்டியே பிக்கப் எனப்படுவது. ஃபோர்டு நிறுவனம் 1925-இல் தன் மாடல் டி காரின் பின்பகுதியில் அத்தகைய ஒரு தொட்டியைப் பொருத்தி, 281 டாலர் விலைக்குத் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியபோது, வைக்கோலும் விறகும் கன்றுக்குட்டியும் ஏற்றுவதற்கு உழவர்களுக்கு ஒரு மலிவான கருவி கிடைத்தது என்பதற்கு மேல் எவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அதை வாங்கியவர்கள் பலரும் அதைக் கழுவும் பொறுப்பை மழையிடமே விட்டிருந்தனர். அவ்வாறு உழைத்துத் தேய்ந்த வண்டிகளுள் எஞ்சியவற்றைத் தேடிப் பிடித்து, மீட்டெடுத்து, இனி அவை ஒருநாளும் உழைக்காதபடி பார்த்துக்கொள்வதே பிக்கப் பித்தர் தம் தலைமேல் ஏற்றுக்கொண்ட கடமையாகும்.

இவருடைய புலமை எளிதில் மதிப்பிடத்தக்கதன்று. 1967 முதல் 1972 வரை வந்த ஃபோர்டு வண்டிகளின் பக்கத் தகட்டில் நெடுக ஒரு மேடு ஓடுவதால் அவற்றைப் பம்ப்சைடு என்றும், 1973 முதல் 1979 வரை வந்தவற்றில் அதே இடம் குழிந்திருப்பதால் அவற்றை டென்ட்சைடு என்றும், 1973 முதல் 1987 வரையிலான செவ்ரோலே வண்டிகளை அவற்றின் பெட்டி வடிவம் கருதி ஸ்கொயர் பாடி என்றும் இவர் வகுத்துப் பேசுவார். பெட்ரோல் நிலையத்தில் முன்பின் அறியாத ஒருவர் இவரது செவ்ரோலேயைப் பாராட்டி, “அறுபத்தெட்டாம் ஆண்டு வண்டிதானே?” என்று கேட்டுவிட்டால், இவர் முகத்தில் முதலில் தோன்றுவது மகிழ்ச்சியன்று, வருத்தம். 1968-ஆம் ஆண்டு முதல் வண்டிகளின் பக்கவாட்டில் சிறு அடையாள விளக்குகள் இருக்க வேண்டுமென்று நடுவணரசு விதித்ததையும், தம் வண்டியின் மட்கார்டில் அவ்விளக்கு இல்லாததையும், ஆகவே அது 1967-ஆம் ஆண்டினது என்பது குழந்தைக்கும் விளங்கும் என்பதையும் இவர் பொறுமையாக எடுத்துரைப்பார். கேட்டவர் தம் வண்டியில் பெட்ரோல் நிரம்பி வழிவதைக் கண்டு ஓடும் வரை அவ்விளக்கம் தொடரும். ஃபோர்டின் எஃப்-100 இருக்கும்போதே 1975-இல் எஃப்-150 ஏன் வந்தது என்று எவரும் கேட்பதில்லை என்றாலும் அதற்கும் இவரிடம் விடை உண்டு: மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளுக்குப் புகையைத் தூய்மையாக்கும் கருவி அன்று கட்டாயமில்லாததால், சட்டத்தை மீறாமல் தாண்டும் பொருட்டு நிறுவனம் வண்டியைச் சற்றுக் கனமாக்கிற்று.

வண்டி வாங்கப் புறப்படும் இவரது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் இருக்கும். பனிக்காலத்தில் சாலைகளில் உப்பைத் தூவும் வட மாநிலங்களில் வண்டிகள் அடியிலிருந்து அரித்துக்கொண்டே வருவதால், இருக்கை அறையின் பின்மூலைகள், கதவுக்குக் கீழுள்ள நீள்தகடு, காலடித் தகடு, பாட்டரி அமரும் தட்டு ஆகியவற்றில் முதலில் ஓட்டை விழும். விற்பவர் அவ்வோட்டைகளைப் பட்டி வைத்து நிரவி, மேலே பெயின்ட் அடித்துவிடுவார். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் விழுந்தால் பட்டி. வண்டியைச் சுற்றிக் காந்தத்தை நகர்த்தியபடி பித்தர் நடக்கையில் விற்பவர் வானிலை பற்றிப் பேசத் தொடங்குவது இரு தரப்பாரும் அறிந்த மரபாகும். இத்தொல்லை வேண்டாமென்று அரிசோனாவிலோ டெக்சாஸின் மேற்கிலோ வறண்ட நிலத்தில் கிடந்த வண்டியைத் தேடி ஆயிரம் மைல் செல்வோரும் உளர். அங்கே இரும்பு பத்திரமாக இருக்கும், ஆனால் இருக்கையின் மெத்தை, ரப்பர் பட்டைகள், டாஷ்போர்டு அனைத்தும் வெயிலில் வெடித்து உதிர்ந்திருக்கும். துரு அல்லது வெயில், இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

வாங்கிய வண்டியை என்ன செய்வது என்பதில்தான் பித்தர்கள் சமயப் பிரிவுகளாகப் பிரிகின்றனர். முதல் பிரிவினர் அசல்வாதிகள். சேஸிஸின் மேலிருந்து எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு திருகாணியையும் தூய்மை செய்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே மீண்டும் பூட்டுவது இவர்கள் நெறி. எஞ்சினில் பொறித்த எண் வண்டியின் எண்ணோடு பொருந்துகிறதா என்பதை இவர்கள் ஜாதகப் பொருத்தத்தினும் கண்டிப்பாகப் பார்ப்பர். 1972 வரையிலான செவ்ரோலேயில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்குப் பின்னால், அறைக்குள்ளேயே இருந்தது. அதனால் எழும் வாடையைக்கூட அக்காலத்து மணம் என்று சொல்லி ஓட்டுபவர் அசல்வாதி, தொட்டியைச் சரக்குத் தளத்துக்கு அடியில் மாற்றிவிட்டு மூச்சு விடுபவர் சீர்திருத்தவாதி.

இச்சீர்திருத்தவாதிகள் செய்வது ரெஸ்டோமாட் எனப்படும். வெளியே பழைய உடல், உள்ளே புதிய உறுப்புகள் என்பது அதன் பொருள். ஜெனரல் மோட்டார்ஸ் 1997 மாடல் கார்வெட் காரில் அறிமுகப்படுத்திய எல்எஸ் வகை எட்டு சிலிண்டர் எஞ்சின், 1999 முதல் அந்நிறுவனத்தின் பிக்கப்புகளிலும் வந்து, விபத்தில் நொறுங்கிய வண்டிகளோடு நாடெங்கும் காயலான் கடைகளில் குவிந்ததால், கார்புரேட்டரோடு மல்லுக்கட்டிச் சலித்தவர்களுக்கு அதுவே புகலிடமாயிற்று. அவ்வாறே, 2011-இல் உற்பத்தி நின்ற ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, அதாவது ஒரு தலைமுறைக் காலம் காவல்துறையும் டாக்சிக்காரர்களும் ஓட்டிய கார், தன் முன்பக்க சஸ்பென்ஷனை முழுசாகப் பழைய எஃப்-100-க்கு ஈந்துவிட்டு ஓய்வு பெறுகிறது. திருடரைத் துரத்திய சக்கரங்கள் இப்போது ஐஸ்கிரீம் கடை வரை மெல்லச் சென்று திரும்புகின்றன. இவற்றையெல்லாம் பெருந்தன்மையோடு ஏற்கும் சமூகம், ஃபோர்டு வண்டிக்குள் செவ்ரோலே எஞ்சினை வைப்பதை மட்டும் ஏற்பதில்லை. அத்தகையவர் கண்காட்சியில் பானட்டைத் திறக்காமலே நிறுத்தியிருப்பார். ஏன் திறக்கவில்லை என்று கேட்போரும், கேட்காமலே புரிந்துகொள்வோரும் அவரிடம் ஒரே குரலில்தான் பேசுவர்.

மூன்றாம் பிரிவினரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும், ஏனெனில் மனித மனத்தின் வளைவுகளை இவர்களிடம் காண்பது எளிது. பல்லாண்டு வெயிலும் மழையும் பட்டு மங்கிய பெயின்டும் அதனூடே எட்டிப் பார்க்கும் துருவும் சேர்ந்த தோற்றத்தை இவர்கள் பாட்டினா என்பர். அதுவே வண்டியின் வரலாறு என்றும், அதைத் தேய்த்து அழிப்பவன் ஏட்டுச்சுவடியை எரிப்பவன் என்றும் வாதிடுவர். ஆனால் வரலாறு மேலும் முன்னேறினால் தகடு ஓட்டையாகிவிடும் என்பதால், துருவின் மீது நிறமற்ற பளபளப்புப் பூச்சைப் பூசி, வரலாற்றைக் குறிப்பிட்ட ஒரு நாளோடு நிறுத்திவிடுவர். கதவில் மங்கலாகத் தெரியும் ஏதோ ஒரு பண்ணையின் பெயரும் மூன்றிலக்கத் தொலைபேசி எண்ணும் இவ்வண்டிகளின் மதிப்பைக் கூட்டும் என்பது தெரிந்தபின், அப்படிப் பெயரில்லாத வண்டிகளின் சொந்தக்காரர்கள் வாளாவிருக்க முடியுமா? ஒருபோதும் இருந்திராத பண்ணைக்கு ஒரு பெயர் சூட்டி, அதைக் கதவில் அழகாக எழுதி, பின்னர் உப்புத்தாள் கொண்டு தேய்த்து மங்கச் செய்து தரும் ஓவியர்கள் தோன்றிவிட்டனர். புதிய பெயின்ட் அடிப்பதற்கு ஆகும் செலவினும் பழைய பெயின்ட் அடிப்பதற்கு ஆகும் செலவு சில வேளைகளில் கூடுதல்.

எப்பிரிவினராயினும் ஒரு விதியில் அனைவரும் ஒன்றுபடுவர்: எவ்வளவு குறைவாகச் சுமக்க முடியுமோ அவ்வளவு விலை கூடும். எட்டடி நீளச் சரக்குத் தொட்டி கொண்ட வண்டியை உழவர் விரும்பி வாங்கினார், ஆகவே அது மிகுதியாக எஞ்சியது, ஆகவே அது மலிவு. ஆறரை அடித் தொட்டி கொண்டது பார்க்க எடுப்பாக இருக்கிறது, ஆகவே அது விலை மிகுந்தது. 1967 முதல் 1972 வரையிலான செவ்ரோலேயில் நீள வண்டியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 127 அங்குலமும், குறு வண்டியில் 115 அங்குலமும் இடைவெளி. இந்தப் பன்னிரண்டு அங்குலத்தை நீக்குவதற்காகச் சேஸிஸை அறுத்து, நடுத்துண்டை எடுத்தெறிந்து, இரு பாதிகளையும் மீண்டும் வெல்டிங் செய்வோர் பலர். ஒரு சரக்கு வண்டியின் சரக்குத் திறனைக் காசு கொடுத்துக் குறைப்பது பொருளியல் நூல்களில் இன்னும் இடம்பெறாத முதலீட்டு முறையாகும். குறைத்த பின்னும் எஞ்சும் தொட்டியின் தளத்தில், மண்வெட்டியும் முள்கம்பிச் சுருளும் எறியப்பட்ட இடத்தில், ஓக் மரப் பலகைகளை இழைத்துப் பதித்து, இடையிடையே துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளை ஓட்டி, ஏழெட்டு முறை வார்னிஷ் அடிப்பர். அதன் மீது எவரேனும் ஒரு காய்கறிப் பையை வைத்துவிட்டால், அது வைக்கப்பட்ட வேகத்தினும் விரைவாக எடுக்கப்படும். மனைவி கடைக்குப் போகத் தம் சிறிய காரையே எடுத்துச் செல்வதற்கு இதுவன்றி வேறு காரணமில்லை.

கண்காட்சிக்குச் செல்லும் நாளில் இவ்வண்டி தன் சக்கரத்தால் சாலையைத் தொடுவதில்லை. ஒரு புதிய பிக்கப் இழுக்கும் தட்டையான டிரெய்லரின் மீது, நாற்புறமும் கட்டப்பட்டு, உற்சவமூர்த்தி எழுந்தருளுவதைப்போல அது செல்லும்; சுமக்கப் பிறந்தது சுமக்கப்படும். அங்கே மடக்கு நாற்காலியில் வண்டிக்குப் பின்னால் அமர்ந்து, எவரேனும் மட்கார்டின் மேல் கை வைக்கிறார்களா என்று கவனிப்பதே பித்தருக்கு முழுநாள் பொழுதுபோக்கு.

இனி மதிப்பீட்டுக்கு வரலாம். பழைய வண்டிகளுக்குக் காப்பீடு அளிக்கும் ஹேகர்ட்டி நிறுவனம் வெளியிடும் விலைக் கையேடு, வண்டிகளை நான்கு தரமாகப் பகுக்கிறது: முதல் தரம் உலகிலேயே சிறந்தவற்றுள் ஒன்று, இரண்டாம் தரம் மிகச் சிறந்தது, மூன்றாம் தரம் நல்லது, நான்காம் தரம் சுமார். விற்கும் நாளில் தம் வண்டி இரண்டாம் தரத்தின் உச்சியில் நிற்பதையும், வாங்கும் நாளில் எதிராளியின் வண்டி நான்கையும் தாண்டிச் சரிவதையும் பித்தர் தம் கண்களால் காண்கிறார். ஒரே வண்டி கைமாறும் அந்த அரைமணி நேரத்தில் இரு தரமும் பெறுவதுண்டு. ஜனவரியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் நடக்கும் பாரெட்-ஜாக்சன் ஏலத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, மேடையில் பெருந்தொகைக்குப் போன வண்டி தம்முடையதைப் போன்றதே என்ற உண்மை மட்டும் இவர் மனத்தில் பதிகிறது. அதைப் பத்துப் பேர் கொண்ட பட்டறை ஒன்று ஈராண்டு செதுக்கியது என்ற உண்மை பதிவதில்லை. வாங்கிய ஒவ்வொரு பொருளின் ரசீதும் ஒரு தடித்த கோப்பில் உண்டு. அக்கோப்பு வருங்கால வாங்குநருக்குக் காட்டுவதற்காகப் பேணப்படுவது, கூட்டுத்தொகை எழுதப்படாதது, மனைவி கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்படுவது.

இவ்வளவு பெரிய உலகில் இவரது மதிப்பீட்டுக்கு முழுமனத்தோடு உடன்படுவது காப்பீட்டு நிறுவனம் ஒன்றே. சாதாரணக் காப்பீட்டில் வண்டி அழிந்தால், பழமை கருதித் தேய்மானம் கழித்து, கிடைப்பது கைச்செலவுக்குக் காணும் தொகை. பழம்பெரும் வண்டிகளுக்குரிய ஒப்புக்கொண்ட மதிப்புக் காப்பீட்டிலோ, தொடக்கத்திலேயே இரு தரப்பும் ஒரு தொகையை எழுதிக் கையொப்பமிட்டு, இழப்பு நேர்ந்தால் அதை அப்படியே தருவர். இதற்குப் பதிலாக, வண்டியைப் பூட்டிய கொட்டகையில் வைக்க வேண்டும், நாள்தோறும் வேலைக்கு ஓட்டக் கூடாது, சரக்குத் தொழிலுக்குப் பயன்படுத்தவே கூடாது என்ற வகையில் நிபந்தனைகள் உண்டு. பித்தர் அந்நிபந்தனைகளை வாசித்தபோது தம்மைப் புரிந்துகொண்ட ஒருவரின் கடிதத்தை வாசிக்கும் உணர்வே பெற்றார்.

பக்கத்து வீட்டு இளைஞன் ஜப்பானிலிருந்து ஒரு கேய் வண்டியை இறக்குமதி செய்ததில்தான் இவருக்கு முதன்முதலாகத் தத்துவ நெருக்கடி உண்டாயிற்று. கேய் என்பது 660 சிசிக்கு மிகாத எஞ்சினும் 350 கிலோ சுமைத் தகுதியும் கொண்ட ஜப்பானியச் சிறு வண்டி வகை. 25 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு நடுவணரசின் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்பதால் சுசுகி கேரி, சுபாரு சாம்பார் முதலியன இப்போது கப்பலேறி வருகின்றன. அவற்றைச் சாலையில் ஓட்டச் சில மாநிலங்கள் பதிவு தருகின்றன, சில மறுக்கின்றன. ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கு வரி விதித்ததற்குப் பதிலடியாக 1964-இல் இறக்குமதிப் பிக்கப்புகளின் மீது விதிக்கப்பட்ட 25 விழுக்காட்டு வரி, கோழிச் சண்டை மறந்துபோன பின்னும் நீங்கவில்லை என்று இளைஞனுக்கு எடுத்துக்கூறிய பித்தர், அவ்வண்டியைப் பொம்மை என்றே குறிப்பிட்டார். அது வைக்கோல் ஏற்றிற்று, உரமூட்டை ஏற்றிற்று, ஒருமுறை பியானோ ஏற்றிற்று. அப்போதும் அவர் கருத்து மாறவில்லை.

பின்னர் காயலான் கடையிலிருந்து எல்எஸ் எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவரும் நாள் வந்தது. இரும்புக் கட்டையால் ஆன அவ்வெஞ்சின் இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும், எண்ணெய் வழியும், ஓக் மரத் தளத்தின் மீது அதை வைப்பது நினைக்கவும் தகாதது. ஆகவே இளைஞனின் பொம்மை வரவழைக்கப்பட்டது. எஞ்சினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, முழங்கால்கள் முகவாயைத் தொட முன்னிருக்கையில் ஒடுங்கி அமர்ந்து வந்த பித்தர், முதல் இரண்டு மைல் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது மைலில், கதவின் அடியில் தெரிந்த துரு ஜப்பானிலேயே பிடித்ததா அல்லது இங்கு வந்த பின் பிடித்ததா என்று கேட்டார்.