கேமரா அண்ணன்

முதன்முதலாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று நினைப்பதில் தப்பே இல்லை. அதை நாலு பேர் காதுபட வாய்விட்டுச் சொல்வதுதான் தப்பு. சொன்ன அரை மணி நேரத்தில் கேமரா அண்ணன் வந்து நிற்பார். ஒவ்வொரு அலுவலகத்திலும், ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒருவர் உண்டு. வயதில் உங்களுக்குத் தம்பியாக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர்தான் அண்ணன்.

"பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று ஆரம்பிப்பார். "ஒரு நாற்பதாயிரம்..." என்று இழுப்பீர்கள். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்ட பெண்வீட்டார் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். "இன்னும் ஒரு பத்து போட்டீங்கன்னா மிரர்லெஸ்ஸே வாங்கிடலாம்." அந்தப் பத்துக்கு மேல் இன்னொரு பத்து. காபி ஆறுவதற்குள் ஃபுல் ஃபிரேமுக்கு வந்துவிடுவார்; நீங்கள் பி.எஃப். பணத்துக்கு வந்திருப்பீர்கள். "எதுக்கு சார் கேமரா?" என்று மட்டும் கேட்கவே மாட்டார். பேத்தியின் காதுகுத்துக்கு என்று சொல்ல உங்களுக்கும் வாய்ப்பு வராது.

இதில் சங்கடம் என்னவென்றால், அவர் சொல்வதெல்லாம் உண்மை. மெகாபிக்சலைப் பார்க்காதே, சென்சாரைப் பார் என்பார், சரிதான். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம். சின்னதைவிட அதில் வெளிச்சம் கூடுதலாக விழும். இருட்டில் எடுத்தாலும் படத்தில் புள்ளி குறையும். ஆனால் ஆல்பத்தில் ஒட்டும் 4×6 அங்குலப் படத்தைத் துல்லியமாக அச்சிட 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும் என்பதும் உண்மைதான். அதைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடுமே!

அண்ணன் எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? மொட்டைமாடிச் செங்கல் சுவர். அதே சுவர், வேறு லென்ஸில். மூலை மங்குகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பதற்காக எடுத்தவை. லென்ஸ்களோ காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், வெளியே எடுத்தால் பூஞ்சை பிடிக்கும் என்ற பயம். அவர் வீட்டுப் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அண்ணியின் செல்போனில் எடுத்தவை.

மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்தார். பல்லக்கு நெருங்கியது. லென்ஸை மாற்றினால் சென்சாரில் தூசி விழும். மாற்றாவிட்டால் ஜூம் எட்டாது. அவர் முடிவெடுப்பதற்குள் பல்லக்கு மாடவீதி திரும்பிவிட்டது. பக்கத்தில் பூ விற்ற அம்மா தன் போனில் எடுத்து மகளுக்கும் அனுப்பிவிட்டார்.

டிஜிட்டல் கேமராவின் சரித்திரமும் அண்ணனுக்கு அத்துப்படி. 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்த கருவி 0.01 மெகாபிக்சல், ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி பிடித்தது. கண் மின்னச் சொல்வார். அதை வைத்துக்கொண்டு சாஸன் ஆய்வுக்கூடத்திலிருந்த ஒரு பெண்ணைப் படம் எடுத்தார், முகம் உருப்படியாக வரவில்லை, ஆனாலும் எடுத்தார் என்ற இடத்தில் மட்டும் அண்ணனுக்குக் கவனம் நிற்காது.

ஆகவே, வாங்கப்போகிறவர்களே! கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பாருங்கள். பிடி வசமாக இருக்கிறதா, நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிட்டால் வலிக்காதா என்று பாருங்கள். கூடவே வரும் 18-55 லென்ஸ் ஒரு வருஷத்துக்குத் தாராளம். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் வந்தால், கடைசியாக எடுத்த பத்துப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். மனிதர்களைக் காட்டினால் அவர் சொல்கிறபடி கேளுங்கள். சுவரைக் காட்டினால் இன்னொரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.